உறுதியான இருக்கை, இடம் இருந்தால்

தேசத்தின் மானம் கொஞ்ச காலம் மட்டாஞ்சேரியில் என் வீட்டு அலமாரியில் இருந்தது. சரியாகச் சொன்னால், முந்நூறு பங்கு. இந்தக் காலத்தில் பங்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் கையில் ஒரு காகிதம் இல்லாவிட்டால் எதுவும் என்னுடையது என்றே எனக்குத் தோன்றாது. அதனால் ஒரு பிரிண்ட் எடுத்து, அக்கா கொடுத்த பச்சைப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன்.

நான் வேலை பார்த்தது தேசிய விமானக் கம்பெனியில், எர்ணாகுளம் புக்கிங் ஆபீஸில். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை; பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. முப்பத்தொரு வருஷம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையெல்லாம் ஆகாயத்தில் ஏற்றி அனுப்பினேன். இடையில் ஒருமுறை அரசாங்கம் கம்பெனியின் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான பங்குகளைப் பொதுஜனங்களுக்கு விற்றது. அப்போது ஊழியர்களுக்கும் சலுகை விலையில் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். "இன்று முதல் நீங்களும் முதலாளிகள்" என்று சுற்றறிக்கை வந்தது. மறுநாள் இந்த முதலாளி தோப்பும்படி வழியாகப் போகிற பஸ்ஸில் வழக்கம்போலத் தொங்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள்.

இன்னொரு சலுகையும் உண்டு. ஸ்டாஃப் டிக்கெட். ஓய்வுபெற்ற பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை, நானும் என் வீட்டுக்காரரும், கம்பெனி பறக்கிற எந்த ஊருக்கும் போகலாம். காசு கிடையாது. சீட்டும் கிடையாது என்பதுதான் விஷயம். காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறி முடிந்த பிறகு மிச்சம் இருந்தால்தான் நமக்கு. அதுவரை கவுண்டருக்குப் பக்கத்தில் ஓரமாக, பயணிகள் கண்ணில் படாமல் காத்திருக்க வேண்டும். நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் அதற்கென்றே ஒரு தூண் இருக்கிறது. அதில் யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை, ஆனால் ஊழியர்கள் எல்லாரும் அங்கேதான் உட்காருவோம். கவுண்டர் மூடுகிற நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிரயாணம். கூப்பிடாவிட்டால் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு.

இதற்கு உடை விதியும் இருந்தது. ஸ்டாஃப் டிக்கெட்டில் போகிறவர்கள் கம்பெனியின் கௌரவத்துக்கு ஏற்ப உடுத்த வேண்டும். பெண்கள் நல்ல புடவை, ஆண்கள் பேண்ட், ஷூ. என் வீட்டுக்காரருக்கு ஷூ என்றால் ஜுரமே வரும். யூதர்கள் இருந்த ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டினால் இது வயநாடா இடுக்கியா, எத்தனை மாசம் பழசு என்று சொல்லிவிடுவார். அந்த வேலைக்கு ரப்பர் செருப்பு போதும்.

எங்களுக்கு இப்படிப் பழகியே சில குணங்கள் வந்துவிட்டன. ஊருக்குப் போகிறோம் என்று யாரிடமும் சொல்ல மாட்டோம். திரும்பி வந்தால் வெட்கக்கேடு. பால் பாக்கெட்டை நிறுத்த மாட்டோம். "போயிட்டு வரேன்" என்று சொல்வதற்குப் பதிலாக "பார்க்கலாம்" என்று சொல்லுவோம். பக்கத்து வீட்டு சேச்சி எங்கள் பெட்டியைப் பார்த்தால் எங்கே போகிறீர்கள் என்று கேட்க மாட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவீர்களா என்றுதான் கேட்பாள்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அக்கா என்னைவிட ஒன்பது வயசு மூத்தவள். கல்யாணமாகி சிங்கப்பூருக்குப் போனவள், அங்கேயே மகன் வீட்டில் இருக்கிறாள். என் வீட்டுக்காரரின் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் அந்தப் பச்சைப் பட்டை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளால் வர முடியவில்லை, என்னாலும் போக முடியவில்லை. ஒருநாள் போனில் சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருந்தவள், சாம்பார் பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லுகிற குரலில் சொன்னாள்:

"சர்க்கரை கண்ணைத் தின்னுடுத்துடி. இடது கண்ணு முழுக்கப் போயாச்சு. வலதும் நாளுக்கு நாள் புகை மூடறது. டாக்டர் நாள் கணக்கெல்லாம் சொல்ல மாட்டேங்கறார். அதுக்குள்ள வந்து ஒரு தடவை முன்னாடி நில்லு. உன் மூஞ்சியைப் பார்த்து வச்சுக்கறேன்."

"வரேன்கா."

"அந்தப் பச்சையைக் கட்டிண்டு வா. கூட்டத்துல தேட வேண்டாம் பாரு."

போனை வைத்துவிட்டு நான் அழுதேன். என் வீட்டுக்காரர் சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை போடவில்லை. ஒரு வாய் குடித்ததும் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

அந்த வாரம்தான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. சிமெண்ட், துறைமுகம், செருப்பு என்று கண்டதையும் செய்கிற ஒரு பெரிய கம்பெனி, எங்கள் விமானக் கம்பெனியை வாங்கப் போகிறதாம். அரசாங்கத்தைக் கேட்கவில்லை, எங்கள் தலைவர்களையும் கேட்கவில்லை. நேராக ஜனங்களிடம் வந்து, உங்கள் பங்கை எங்களுக்குக் கொடுங்கள், சந்தை விலைக்கு மேலே தருகிறோம் என்று சொல்லிவிட்டது. என் முந்நூறு பங்குக்கு அவர்கள் சொன்ன விலையில் சிங்கப்பூருக்கு இரண்டு பேர் காசு கொடுத்தே போய் வரலாம். மிச்சத்தில் அக்காவுக்கு ஏதாவது வாங்கியும் போகலாம்.

"குடுத்துடு" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பேப்பரை இன்னும் படித்துக்கூட முடிக்கவில்லை.

"என்னது குடுத்துடறதா? இது என் கம்பெனியாக்கும்."

"மார்க்கெட்டுல ஒருத்தன் தானா வந்து நல்ல விலை சொன்னா, அவன் யாரு, எதுக்கு வாங்கறான்னெல்லாம் கேக்கப்படாது. மூட்டையைத் தூக்கிக் குடுத்துடணும். நாளைக்கு ஏறும்னு வச்சுண்டிருந்தவன் எல்லாரும் கடைசியில பூசணம் பிடிச்ச மிளகைத்தான் வித்தான். வித்துட்டு டிக்கெட்டை எடு. அக்காவைப் போய்ப் பாரு."

எனக்குச் சுரீர் என்றது. விமானக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவதா? ஹோட்டல்காரன் பசிக்குப் பக்கத்து ஹோட்டலில் போய் உட்காருவது போலத்தான். அது மட்டுமில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கம்பெனியைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. அது எவ்வளவு தாமதமாகப் பறந்தாலும் அது என் தாமதம். வேறு யாரும் அதைத் திட்டினால் எனக்குப் பொறுக்காது. நான் மட்டும் திட்டலாம்.

அரசாங்கம் என்ன செய்தது என்பதை அந்தச் சில மாதங்களும் பேப்பரில் வரி விடாமல் படித்தேன். முதலில், அப்படி எதுவும் எங்களுக்குத் தெரியாது என்றது. பிறகு, தெரியும், ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றது. பிறகு கவலைப்படுவதற்காக ஒரு குழு அமைத்தது. குழு கூடி, கூடுதல் அவகாசம் கேட்டது. அதற்குள் மந்திரி டிவியில் வந்து, என் உடம்பில் உயிர் இருக்கும்வரை தேசத்தின் சிறகுகளை அந்நியன் கையில் கொடுக்க மாட்டேன் என்று மேஜையைத் தட்டினார். வாங்க வந்த கம்பெனியும் இந்த நாட்டுக் கம்பெனிதான். அது அவருக்கு ஞாபகம் வரவில்லை, கேள்வி கேட்டவர்களுக்கும் வரவில்லை. கடையைத் திறந்து வைத்து, விலைப்பலகையும் மாட்டிவிட்டு, வாங்க வந்தவனைத் திருடன் திருடன் என்று கூவியது போல இருந்தது எல்லாம். இப்போது இதைச் சொல்லுகிறேன். அன்றைக்கு மந்திரி மேஜையைத் தட்டியபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகு பேப்பரில் முழுப்பக்க விளம்பரம். ஒரு சின்னப் பெண்குழந்தை கையில் காகித விமானத்தோடு ஆகாயத்தைப் பார்க்கிறாள். கீழே, பங்கு வைத்திருக்கும் ஊழியர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விற்காதீர்கள். அதற்கு அடுத்த வாரம் டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி எங்களையெல்லாம் நேரில் பார்க்க எர்ணாகுளத்துக்கு வந்தார்.

காயல் ஓரத்து ஹோட்டலில் கூட்டம். கட்லெட், முந்திரிப்பருப்பு, சாயா. முப்பத்தொரு வருஷத்தில் கம்பெனி எனக்குக் கொடுத்த முதல் கட்லெட் அதுதான். அதிகாரி நல்ல உயரம், நல்ல இங்கிலீஷ், கையில் குறிப்புகூட இல்லை. நாங்கள்தான் கோட்டை என்றார். எங்கள் ஒவ்வொரு பங்கும் அந்தக் கோட்டையில் ஒரு கல் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, விற்காமல் நிற்கும் ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கு அரசாங்கம் ஒரு கைம்மாறு வைத்திருக்கிறது என்றார். இனி வருஷத்துக்கு இரண்டு முறை, தூண் ஓரமாகக் காத்திருக்க வேண்டாம். உறுதியான இருக்கை.

ஹாலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எல்லாருக்கும் அந்தத் தூண் கண்முன் வந்திருக்கும். எனக்கு அக்கா வந்தாள். காசு கொடுக்காமல், மானத்தை விடாமல், பச்சைப் புடவையில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு நான் அக்காவிடம் போவேன். கம்பெனியும் பிழைக்கும், அக்காவையும் பார்ப்பேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதைவிட என்ன வேண்டும்?

"மேற்குக் கொச்சி பக்கத்து ஓய்வுபெற்றவர்களோடு யார் பேசுவீர்கள்?" என்று அதிகாரி கேட்டார். யாரும் கையைத் தூக்கவில்லை. நான் தூக்கினேன். அவர் என் கையைக் குலுக்கி, உங்களைப் போன்றவர்கள் இருக்கும்வரை இந்த நாட்டுக்குக் குறையில்லை என்றார். இந்த நாட்டுக்கு இருக்கிற குறைகள் எனக்கு ஓரளவு தெரியும். இருந்தாலும் வீடு வந்து சேரும்வரை கால் தரையில் பாவவில்லை.

அப்புறம் மூன்று வாரம் நான் குடையும் கையுமாக அலைந்தேன். "விற்க மாட்டேன்" என்று ஒரு படிவம் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். மட்டாஞ்சேரி, தோப்பும்படி, பள்ளுருத்தி என்று ஒவ்வொரு வீடாகப் போய் அதில் கையெழுத்து வாங்கினேன். பெரும்பாலும் பழைய கிளார்க்குகள், டிரைவர்கள். எல்லாரும் உட்காரச் சொல்லி, சாயா கொடுத்து, நான் சொல்வதைக் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்லெட் எப்படி இருந்தது என்று விசாரித்தார்கள்.

ஒருத்தர் வீட்டில்தான் எனக்கு நாக்கு கொஞ்சம் தடுக்கியது. ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சேட்டன். இப்போது ஒரு பழைய வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். நாங்கள் ஏர்போர்ட்டுக்குப் போவதும், திரும்புவதும், அவருடைய வேனில்தான். நான் போனபோது அவர் வீட்டில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஒரு அலுமினியப் பாத்திரம், அதற்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. பங்கை விற்று மழைக்கு முன்னால் கூரையை மாற்ற வேண்டும் என்று ஏற்பாடெல்லாம் செய்து வைத்திருந்தார். நான் கோட்டை, கல் என்றெல்லாம் பேசினேன். அவர் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேச்சி பறஞ்ஞால் மதி" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டார். நீங்கள் சொன்னால் போதும் என்றுதான் சொன்னார், அரசாங்கம் சொன்னால் போதும் என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாங்கள் ஜெயித்தோம். வாங்க வந்த கம்பெனிக்கு வேண்டிய அளவு பங்கு கிடைக்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. டெல்லியில் லட்டு கொடுத்தார்களாம். எனக்குத் தபாலில் ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. அதை நான் லாமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டினேன். நாளாவட்டத்தில்தான் விஷயம் வெளியே வந்தது: அரசாங்கம் தன்னுடைய பாங்குகளையும் இன்ஷூரன்ஸ்காரர்களையும் ஏவிவிட்டு, சந்தையில் கிடைத்த பங்கையெல்லாம் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டதாம். எங்கள் பங்கு எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு விமானத்தின் ஒரு சக்கரத்துக்குக் காணாது. கோட்டைக்குக் கல் வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது. நாங்கள் கோலம் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

"அதனால என்ன? சீட்டு உறுதிதானே" என்றேன் வீட்டுக்காரரிடம்.

சீட்டுக்கான சுற்றறிக்கையும் வந்தது. ஓய்வுபெற்ற ஊழியர்களுக்கு வருஷத்துக்கு இருமுறை உறுதியான இருக்கை வழங்கப்படும், இடம் இருப்பதைப் பொறுத்து, என்று அதில் இருந்தது. என் வீட்டுக்காரர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் படித்தார். அவர் சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். சிரித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

முதல் தடவை போனபோது ஏதோ ஒரு விளையாட்டுக் குழு விமானம் முழுக்க நிறைந்திருந்தது. தூண் ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம். சேட்டன் வேனை ஏர்போர்ட்டிலேயே நிறுத்திக் காத்திருந்தார். "ஒரு மணிக்கூர் ஞான் இவிடெ நில்க்காம்", ஒரு மணி நேரம் இங்கேயே நிற்கிறேன் என்று, போகும்போதே சொல்லியிருந்தார். இரண்டாவது தடவை ஒரு கல்யாண கோஷ்டி. அதற்கும் சேட்டன் காத்திருந்தார். மூன்றாவது தடவை ஒரே ஒரு சீட் இருந்தது. நீ போ, நான் சேட்டனோடு வீட்டுக்குப் போய்க்கொள்கிறேன் என்று என் வீட்டுக்காரர் என் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தேவிட்டார். கடைசி நிமிஷத்தில் கம்பெனி டைரக்டர் ஒருவரின் மச்சினன் வந்தார். அவருடைய இருக்கை எங்களுடையதைவிட உறுதியானது. பெட்டியைத் திருப்பி இறக்கிக் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் நான் பச்சைப் புடவையில்தான் போனேன். ஒவ்வொரு தடவையும் அக்காவுக்கு போன் செய்து, இந்தத் தடவை இல்லைக்கா என்றேன்.

"உங்க கம்பெனியில நின்னுண்டு வரவாவது இடம் குடுப்பாளா, கேளேன்" என்று முதல் தடவை கேலி செய்தாள். இரண்டாவது தடவை, "பரவாயில்லைடி, இன்னும் டிவி தெரியறது" என்றாள். மூன்றாவது தடவை போனை மகனிடம் கொடுத்துவிட்டாள். அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள் சித்தி என்றான்.

அப்போதே காசு கொடுத்து ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாம். நகையை வைத்தாவது எடுத்திருக்கலாம். என் வீட்டுக்காரரும் சொன்னார். நான்தான், அடுத்த மாசம் சீசன் முடிந்துவிடும், சீட் காலியாகத்தான் போகும் என்று பிடிவாதம் பிடித்தேன். கையில் உறுதி எழுதிக் கொடுத்த காகிதம் இருக்கும்போது காசு கொடுத்தால், அந்தக் காகிதம் பொய் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் இல்லையா? என்னால் அது முடியவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் அரசாங்கம் எங்கள் கம்பெனியை விற்றது. வாங்கியது சிமெண்ட், துறைமுகம், செருப்பு கம்பெனிதான். அதே கம்பெனிதான். இந்தத் தடவை அது அந்நியன் இல்லை, தேசத்தின் வளர்ச்சிக்குக் கைகொடுக்க வந்த பங்காளியாம். அதே மந்திரி அதே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, இது பொன்னாள் என்றார். மேஜையைத் தட்டவில்லை, தடவிக்கொடுத்தார். விலை, முன்பு அவர்கள் ஜனங்களிடம் சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. எங்களைப் போன்ற சில்லறைக்காரர்களும் அதே விலைக்குப் பங்குகளை ஒப்படைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தவர் கட்லெட் கொடுத்த அதே அதிகாரி. இப்போது அவர் புதிய முதலாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டாஃப் டிக்கெட் சலுகைகள் எல்லாம் மறுபரிசீலனையில் இருப்பதாகவும் அவரே எழுதியிருந்தார்.

பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றிக் கீழே வைத்தேன். லாமினேட் செய்த காகிதத்தைக் கிழிக்கவும் முடியாது. இப்போது அது எங்கள் வீட்டில் குக்கருக்குக் கீழே இருக்கிறது. மேஜையில் சூடு படாமல் பார்த்துக்கொள்கிறது.

சேட்டன் வீட்டுக்கு நானே போனேன். போய்ச் சொல்லாமல் இருந்தால் மனுஷி இல்லை என்று தோன்றியது. கூரையில் நீல நிற பிளாஸ்டிக் ஷீட் போட்டிருந்தார். அலுமினியப் பாத்திரம் அதே இடத்தில் இருந்தது. நான் சொன்னதை நம்பித்தானே கையெழுத்துப் போட்டீர்கள், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

"சாரமில்ல சேச்சி" என்றார். பரவாயில்லையாம். அதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வந்த பணத்தோடு பென்ஷனில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து இரண்டு டிக்கெட் வாங்கினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, காசு கொடுத்து, டிக்கெட். பணம் சரியாக இருந்தது. அக்காவுக்கு வாங்கிப்போக ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டிலேயே கொஞ்சம் நேந்திரங்காய் வறுத்து எடுத்துக்கொண்டேன்.

கிளம்புகிற அன்றைக்கு நான் பச்சைப் புடவை கட்டினேன். வீட்டுக்காரர் பேண்ட் போட்டு, ஷூவுக்குள் காலை நுழைத்தார். சேட்டனிடம் மட்டும், இது காசு கொடுத்து எடுத்த டிக்கெட் என்று சொல்லியிருந்தேன்; வேறு யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பால் பாக்கெட்டை நிறுத்தவில்லை. ஏர்போர்ட் வாசலில் சேட்டனிடம் "பார்க்கலாம்" என்றேன். அவரும் வழக்கம்போல வேனை ஓரமாக நிறுத்தப் போனார்.

உள்ளே போனோம். வரிசை நீளமாக இருந்தது. நாங்கள் நேராகத் தூணுக்குப் போய், பெட்டியைக் கால்மாட்டில் வைத்து உட்கார்ந்தோம்.

யாரும் எங்களை அங்கே உட்காரச் சொல்லவில்லை. கால் தானாகப் போயிற்று. தூணுக்கு மறுபக்கம் இன்னொரு வயசான ஜோடி உட்கார்ந்திருந்தது. அவர் கோட்டு போட்டிருந்தார், அந்த அம்மாள் மடியில் பிளாஸ்க். எந்த ஆபீஸ் என்று கேட்டேன். கோழிக்கோடு என்றார், நாலாவது தடவை முயற்சி பண்ணுகிறாராம், சலுகையை நிறுத்துவதற்குள் ஒருமுறை போய்விட வேண்டுமாம். நாங்கள் நாலு பேரும் வரிசை குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றைக்குக் கூட்டம் கொஞ்சம் கம்மிதான் என்று ஒருத்தருக்கொருத்தர் தைரியம் சொல்லிக்கொண்டோம். நான் மனசுக்குள் குருவாயூரப்பனிடம், இரண்டு சீட் மிஞ்சட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டு சீட்டையும் நானே வாங்கி, டிக்கெட்டைக் கைப்பையில் வைத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் நினைப்பு வரவில்லை.

வரிசை தீர்ந்தது. கவுண்டரில் இருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போது போன் அடித்தது. சேட்டன்.

"எந்தா சேச்சி, கேறியில்லே?" இன்னும் ஏறவில்லையா என்று கேட்டார்.

"இன்னும் கூப்பிடல்லை சேட்டா. இருக்கோம்."

அவர் குரல் உயர்ந்தது. நான் பார்த்த இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து கேட்டது அன்றைக்குத்தான். "ஆரு விளிக்கானா சேச்சி? காசு கொடுத்து எடுத்த டிக்கெட்டல்லே? ஓடு!"

ஓடினோம். பெட்டி ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம். அந்தப் பெண் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எவ்வளவு நேரமா உங்களுக்காகத்தான் காத்திருக்கேன். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா இந்த ரெண்டு சீட்டையும் அங்க உட்கார்ந்திருக்கிற ஸ்டாஃபுக்குக் கொடுத்திருப்பேன்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். கோழிக்கோட்டுக்காரர் எழுந்து நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கையில் போர்டிங் பாஸைப் பார்த்ததும் மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார். பிரயாணம் நல்லபடியாக இருக்கட்டும் என்று அந்த அம்மாளும் தலையை ஆட்டினாள். நானும் கையை அசைத்தேன். ஆனால் நான் சீட்டைக் கொடுக்கவில்லை. அன்றைக்கு நான் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மறுநாள் காலையில் அக்கா வீட்டில் இருந்தோம். பதினோராவது மாடி. அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், ஒரு கை நிலைப்படியில். பட்டப்பகலில் வீட்டில் இருந்த அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறாள் என்றான் அவள் மகன்.

"இப்படி ஜன்னல்கிட்ட வா. வெளிச்சத்துல நில்லு."

நின்றேன். அக்கா என் முன்னால் வந்து நின்று, என் தோளுக்குச் சற்றுத் தள்ளி எதையோ உற்றுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். இளைத்துவிட்டாய் என்றாள். நான் அவள் கடைசியாகப் பார்த்ததைவிட இரண்டு சுற்றுப் பெருத்திருக்கிறேன்.

"ஏண்டி, பச்சையைக் கட்டிண்டு வான்னு அத்தனை தரம் சொன்னேனே. ஏதோ கறுப்பைச் சுத்திண்டு வந்து நிக்கறயே."

குனிந்து பார்த்தேன். ஜன்னல் வெயில் நேராகப் புடவைமேல் விழுந்து, அந்தப் பச்சை கண்ணைக் கூச வைத்தது. என் வீட்டுக்காரர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். அரசாங்கத்தோடு முப்பத்தொரு வருஷம் பழகினவளுக்கு இதற்கு ஒரு பதில் சொல்ல வராதா?

"அது பெட்டியில இருக்குக்கா. பிளேன்ல கசங்கிடும்னு கட்டிக்கல்லை. நாளைக்குக் கட்டிக்கறேன்."

"உறுதியா?"

"உறுதியாக்கா" என்றேன்.